கீறல் விழாத ஸ்பானர்கள்

ஒரு காந்தத்துக்கு எம்பட இருவத்திரெண்டு வருச சர்வீசு போச்சுங்க. காந்தம்னா பெரிய மிசினு ஒண்ணுமில்லீங்க. பழைய ரேடியோ ஸ்பீக்கருக்குப் பின்னால வட்டமா கருப்பா இருக்குமே, அதுதான். கொழந்தைக மண்ணுல போட்டு இழுத்து இரும்புத்தூள் எடுத்து வெளையாடுமே, அதே காந்தம். அத ஒரு பொண்ணு கைப்பையில போட்டுக் கொண்டாந்து, என்னை ஊட்டுக்கு அனுப்பிருச்சு.

நீங்க காங்கயம் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி எறங்கோணும். கோயமுத்தூர்ல ஒரு சோலியாப் போயிட்டு வாறனுங்க. சோலி முடிஞ்சுதா முடியலையான்னு எனக்கே வெளங்கல. ஆருகிட்டயாச்சும் சொன்னாத் தேவலைன்னு இருக்குது. ஊர்க்காரங்ககிட்டச் சொன்னா நாலு பேருக்குச் சொல்லுவாங்க. நீங்க வெளியூரு, படிச்சவராத் தெரியறீங்க. கேட்டுட்டு நாயத்தச் சொல்லுங்க.

எம்பேரு நாச்சிமுத்துங்க. தவிட்டெண்ணெய் ஃபேக்டரில ஸ்டோர் கீப்பர். இப்ப சஸ்பெண்டு, ஆனா கேட்டா ஸ்டோர் கீப்பர்னுதான் சொல்லுவேன். ரைஸ் மில்லுல அரிசி போக தவுடு வருமுங்கல்ல, அதுல இருந்து எண்ணெய் எடுக்கற எடம். செக்குல போட்டு ஆட்டறது இல்லீங்க. ஹெக்ஸேன்னு ஒரு தண்ணி. பாத்தா தண்ணியாட்டந்தான் இருக்கும், வாசம் பெட்ரோலு மாதிரி. அத தவுட்டு மேல உட்டா எண்ணெய உறிஞ்சிக்கும். பொறவு சூடு காட்டி ஹெக்ஸேன ஆவியாக்கிப் பிரிச்சுட்டா, எண்ணெய் தனியா நின்னுக்கும். இந்த ஆவி இருக்குதுங்களே, அதுதான் வெவகாரம். மேல போகாது. காத்த விடக் கனம். தரையோட தரையாப் போயி, பள்ளம் கண்ட பக்கம் தேங்கிக்கும். கண்ணுக்கும் தெரியாது. ஒரு பொறி பட்டாப் போதும்.

அதனால உள்ள போறதுக்கு ஆயிரம் சட்டமுங்க. செல்போன் கூடாது, தீப்பெட்டி கூடாது, ஆணி வெச்ச செருப்பு கூடாது, வெடுக்குன்னு இழுத்தா பொறி வர்ற நைலான் சட்டை கூடாது. ஆனா பாருங்க, இரும்பு ஸ்பானர் மட்டும் ஆரம்பத்துல இருந்து உள்ள போய்ட்டு வந்துட்டுத்தான் இருந்துச்சு. அதுவும் ஒரு சாமான்னு ஆருக்கும் தோணல.

ஆறு வருசத்துக்கு முன்னால, வேற ஒரு ஜில்லாவுல, எங்களாட்டவே ஒரு பிளான்ட்டு. பேரு வேண்டாமுங்க. நட்டுக் கழட்டற ஆளோட கையில இருந்து ஸ்பானர் வழுக்கி குழாய் மேல உளுந்துச்சு. ரெண்டு பேரு போயிட்டாங்க. அடுத்த நாள் எங்க சின்ன முதலாளி எல்லாரையும் கூப்புட்டு, இனிமேலு உள்ள இரும்பு போகக் கூடாது, பொறி வராத சாமான் என்னென்ன இருக்குதோ பாருங்கன்னுட்டாரு.

எதுல ஸ்பானர் செய்யறதுன்னு பேச்சு வந்துச்சு. சுத்தியலுக்கு மரத்துல கொட்டாப்புளி போதும், சுரண்டறதுக்கு மரக்கட்டையே போதும்னு என்ஜினீயரு சொன்னாரு. ஸ்பானர மரத்துல செய்ய முடியுமுங்களா? நாந்தான் பித்தளைன்னு சொன்னேன். அனுப்பர்பாளையத்துல பாத்திரம் வாக்கறவரு ஒருத்தரப் புடிச்சு, அச்சு குடுத்து, நானே நின்னு ஒண்ணு வாக்க வெச்சுக் கொண்டாந்தேன். பாக்க நெம்ப நல்லா இருந்துச்சு. எங்க பிட்டர் சென்னியப்பன் அதப் போட்டு ஒரே அமுக்கு. ஸ்பானர் வாயப் பொளந்துக்கிச்சு. நட்டு அசையவே இல்ல. எல்லாருஞ் சிரிச்சாங்க. சென்னியப்பன் மட்டும் சிரிக்காம, தப்பு எம்பேர்லதான், நான் கொஞ்சம் வேகமா அமுக்கிட்டேன்னான். அவன் அப்படித்தானுங்க. எது நடந்தாலும் மொதல்ல அவம்பேர்ல தூக்கிப் போட்டுக்குவான். நானும் அவனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவிய.

பொறவு பம்பாயில இருந்து ஒரு கம்பெனிக்காரரு பொட்டியத் தூக்கிட்டு வந்தாரு. செம்புல அலுமினியமும் இன்னும் என்னென்னமோ கலந்த உலோகம். பொன்னாட்டம் நெறம். இரும்புல அடிச்சுக் காட்டுனாரு, பொறியே இல்ல. ஆனா அவரு ஒரு பேச்சுச் சொன்னாருங்க, அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. இது இரும்பளவு கெட்டி இல்ல, பைப்பு சொருகித் திருகாதீங்க, ஒரு அளவு பெருசா வாங்குங்க, தேயும், தேஞ்சா மாத்திக்கோங்க, தேயறதுக்குன்னே செஞ்சதுதான் இதுன்னாரு. ஏனுங்க, தேயறதுக்குன்னு ஒருத்தன் பொருளு செய்வானா? யாவாரிக பேச்சுன்னு உட்டுட்டேன்.

ஏழு ஸ்பானர், ரெண்டு சுத்தியலு, ஒரு உளி. செவப்பு வெல்வெட்டு வெச்ச பொட்டில வந்து எறங்குச்சு. தொறந்து பாத்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்புடலாம்னு இருந்துச்சுங்க. கோயில் நகை மாதிரி. மஞ்ச ஸ்பானர்னு பேரே வந்துருச்சு. பிளான்ட்டே வந்து பாத்துட்டுப் போச்சு. பொறுப்பு நாச்சிமுத்துதுன்னு சின்ன முதலாளி எல்லார் முன்னாலயும் சாவிய எங்கையில குடுத்தாரு. அந்தச் சாவிய நான் ஒரு நாளும் ஆணில மாட்டுனது இல்லீங்க. இடுப்புலயேதான்.

ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. ராத்திரி ஷிப்டு பிட்டரு ஒருத்தன், சொல்லச் சொல்லக் கேக்காம பைப்பு சொருகித் திருகி ஒரு ஸ்பானரோட வாய வளைச்சுப் போட்டான். கம்பெனிக்கு எழுதி அதுக்குப் பதிலா வேற வாங்குனாங்க. அதுக்கு மெமோ ஆருக்கு வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? எனக்கு. கருவியப் பாதுகாக்கத் தவறியதுக்கு விளக்கம் கேட்டு. இருவத்திரெண்டு வருசத்துல எனக்கு வந்த ஒரே மெமோ அதுதானுங்க. அதுக்கு முன்னால இரும்பு ஸ்பானர் உள்ள போனதுக்கு ஒருத்தருக்கும் ஒரு மெமோவும் வந்ததில்ல. நீங்களே சொல்லுங்க, நான் அப்பறம் என்ன பண்ணோணும்?

நான் ஒரு மொறை கொண்டாந்தேன். மஞ்ச ஸ்பானர் வேணும்னா ஷிப்டு என்ஜினீயரு கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். எந்த நட்டு, எத்தன நேரம், எல்லாம் அதுல எழுதோணும். திருப்பிக் குடுக்கறப்பத் தொடச்சுக் குடுக்கோணும், நான் லென்சு வெச்சுப் பாப்பேன். கீறல் இருந்தா அவிய பேர எழுதிக்குவேன். கெடுபிடின்னு சொன்னாங்க. சொல்லட்டும். ரெண்டே மாசத்துல பாருங்க, சீட்டு வர்றது நின்னே போச்சு. பொட்டி பத்தரமா உள்ள இருந்துச்சு.

இல்லீங்க, அவிய சும்மா இருக்கல. வேலை நிக்காதுங்கல்ல. பழைய இரும்பு ஸ்பானரையே எடுத்துட்டுப் போனாங்க. சென்னியப்பன் மட்டும் அதுலயும் ஒரு பக்குவம் வெச்சிருந்தான். ஸ்பானருக்கு ஈரச் சாக்கு சுத்துவான், நட்டுல கிரீஸ் பூசுவான், ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திட்டுத்தான் கைய வெப்பான். குனியறதுக்கு முன்னால முகர்ந்து பாப்பான். அவன் ஒரு நட்டு கழட்டறதுக்குள்ள மத்தவிய நாலு கழட்டிருவாங்க. என்னடா பூசையா பண்றன்னு கேலி பண்ணுவோம். அப்பப்ப ஸ்டோர் சன்னலுக்கு வந்து, நாச்சிமுத்து, அந்தப் பொட்டியக் கொஞ்சம் வெளிய உடப்பான்னு கேப்பான். சீட்டு கொண்டாடான்னு அனுப்பிருவேன்.

அப்பத்தான் ஆடிட்டுன்னு ஒரு கும்பல் வர்றதாச் சொன்னாங்க. உள்ள இரும்பு ஸ்பானரப் பாத்தாங்கன்னா பிளான்ட்டுக்கே கெட்ட பேரு. பொட்டியத் தொறந்து உட்டா மறுபடி ஆராச்சும் வளைப்பான், மறுபடி எனக்கு மெமோ. ரெண்டு நாள் தூங்கலீங்க. மூணாவது நாள் கோயில் கதவுக்கு அடிக்கற தங்கக் கலரு பெயின்ட்டு கண்ணுல பட்டுச்சு. ஏழு இரும்பு ஸ்பானர எடுத்து, மண்ணெண்ணெயில தொடச்சு, ரெண்டு கோட்டு அடிச்சேன். காய வெச்சுப் பாத்தா எனக்கே எது எதுன்னு தெரியலீங்க. பிளான்ட்டு வாசல்ல ஒரு பலகை மாட்டி, அளவு வாரியாத் தொங்க உட்டு, மேல பொறி வராத கருவிகள்னு எங்கையாலயே எழுதுனேன். ஆடிட்டுக்கு வந்தவிய அந்தப் பலகைய போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. சின்ன முதலாளி என் தோள்ல தட்டுனாரு.

ஏமாத்து வேலைன்னு நெனைக்காதீங்க. அதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. இரும்பும் இரும்பும் தொட்டாத்தான பொறி? நடுவுல பெயின்ட்டு இருக்குதுங்கல்ல. பெயின்ட்டு இருக்கற வரைக்கும் இரும்பு இரும்பத் தொடாது. உரிஞ்சா நான் மறுபடி அடிச்சுருவேன். மாசத்துக்கு ஒருக்கா ஞாபகமா அடிச்சேனுங்க. அத ஆரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

இது பெயின்ட்டுன்னு ஏன் சொல்லலைன்னு அந்தக் காந்தப் பொண்ணுங் கேட்டுச்சு. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். ஆரும் கேக்கல. சென்னியப்பன் பலகையப் பாத்துட்டு அன்னிக்குச் சாயந்தரமே தோட்டத்துல இருந்து ஒரு தாரு தேன்வாழை கொண்டாந்து ஸ்டோர் மேசை மேல வெச்சான். கடைசில பொட்டியத் தொறந்துட்டயேப்பா, நல்லா இருப்பன்னான். அவன் அவ்வளவு சந்தோசமா இருக்கறப்ப நான் என்னத்தச் சொல்றது? பழம் நல்ல பழமுங்க. ஊட்டுல எல்லாருந் தின்னோம்.

ஆனா பாருங்க, மஞ்ச ஸ்பானர் கைக்கு வந்ததும் அவன் மாறிட்டான். சாக்க உட்டுட்டான், கிரீச உட்டுட்டான், தண்ணிச் சொம்ப உட்டுட்டான். மத்தவிய மாதிரி மளமளன்னு வேலை செய்ய ஆரம்பிச்சுட்டான். இனி என்னத்துக்குடா அந்தத் தொந்தரவு, அதான் சாமான் இருக்குதேன்னான். அவ்வளவு பதனமா இருந்த ஆளு பதனத்த உட்டா அதுக்கு ஸ்டோர் கீப்பர் என்னங்க பண்ணுவான்?

சூலூரு வந்துருச்சுங்களா? இன்னும் நேரம் இருக்குது. கண்டக்டரு அந்தப் பக்கம் போகட்டும், சொல்றேன்.

தை மாசம் பொங்கல் நோம்பி முடிஞ்சு மூணாம் நாளுங்க. பகல் பதினோரு மணி. பம்புக் குழில ஒரு எணைப்புல கசிவு. சென்னியப்பன் பலகைல இருந்து இருவத்திநாலாம் நம்பர எடுத்துட்டு எறங்குனான். நட்டு புடிச்சுக்கிட்டு வரல. ஸ்பானராலயே நட்டுத் தலைல ஒரு தட்டு தட்டியிருக்கான். நான் ஸ்டோர்ல இருந்தேன். குப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், பெருசா ஒண்ணும் இல்ல. அடுப்புல காஸ் கொஞ்சம் லேட்டாப் பத்துனா வருமே, அந்தச் சத்தம். வெளிய ஓடியாந்தா குழில இருந்து அவனத் தூக்கறாங்க. மொகத்த மறைக்கக் கைய வெச்சிருந்திருக்கான். அதனால மொகம் தப்பிச்சுது. கை ரெண்டும் போச்சு. போச்சுன்னா, இருக்குது. ஆனா கையா இல்ல.

நொரை அடிச்சு அஞ்சு நிமிசத்துல அணைச்சுட்டாங்க. பிளான்ட்டு போயிருந்தா அன்னிக்கு முப்பது பேரு. எங்கெரகமோ அவிய புண்ணியமோ, அதோட நின்னுச்சு.

அந்தக் களேபரத்துலயும் நான் ஒண்ணு பண்ணுனேங்க. அந்த இருவத்திநாலாம் நம்பரு குழில கெடந்துச்சு. ஸ்டோர் பொருளு. எடுத்துட்டு வந்து கழுவி, கரியச் சுரண்டி, மறுநாள் ரெண்டு கோட்டு பெயின்ட்டு அடிச்சுப் பலகைல மாட்டிட்டேன். பலகைல ஒண்ணு கொறைஞ்சா நல்லாவா இருக்கும்?

ஆஸ்பத்திரிக்கே போயி வெசாரிச்சாங்க. கட்டுப் போட்டுப் படுத்துக் கெடந்தவன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? மஞ்ச ஸ்பானர்தான் வெச்சிருந்தேன், அதுல பொறி வராது, அப்பன்னா எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கோணும், இடுப்புல ஊட்டுச் சாவி இருந்துச்சோ என்னமோன்னு சொல்லியிருக்கான். அத அப்படியே எழுதிக்கிட்டாங்க. கவனக்குறைவு. வேலையே போகலாம்னு பேச்சு. பொய் சொல்லல, அன்னிக்குச் சோறு எறங்கல. ஆனா சொன்னது அவன் வாயி. நான் நடுவுல போயி என்னத்தப் பேசறது?

அப்பத்தான் அந்தப் பொண்ணு. தாரணின்னு பேரு. சேஃப்டி ஆபீசரு. வந்தே மூணு மாசம்தான் இருக்கும். எம்பொண்ணு வயசு. அண்ணா அண்ணான்னு மருவாதையாத்தான் பேசும். ஒரு நாள் பலகை முன்னால நின்னு பாத்துட்டே இருந்துச்சு. பொறவு எங்கிட்ட வந்து கேட்டுச்சு, ஏனுங்ண்ணா, தீயில கெடந்தது எதுங்ண்ணான்னு. இருவத்திநாலுங்க மேடம்னேன். அதுதான் இருக்கறதுலயே புதுசா இருக்குதுங்களேன்னுச்சு. நான் நல்லாத் தொடச்சு வெச்சிருக்கேன்னு பாராட்டுதுன்னு நெனைச்சேனுங்க.

மறுநாள் அந்தக் காந்தத்தோட வந்துச்சு. பலகைக்கிட்டப் போயி, மொதல் ஸ்பானர்ல வெச்சுது. டக்குன்னு ஒட்டிக்கிச்சு. ரெண்டாவதுல வெச்சுது. ஒட்டிக்கிச்சு. ஷிப்டு மாறுற நேரம், இருவது பேரு நின்னு பாக்கறாங்க. ஏழுலயும் வெச்சுது. ஒவ்வொரு தடவையும் டக்கு, டக்குன்னு. அந்தச் சத்தம் இன்னும் எங்காதுல இருக்குதுங்க. என் வாழ்க்கைல நான் அப்படி நின்னது இல்ல. தனியாக் கூப்புட்டு வெச்சுக் கேட்டிருக்கலாம். அது ஏன் அப்படிப் பண்ணோணும்?

நான் உட்டனா? வாங்க மேடம்னு ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போனேன். இடுப்புச் சாவிய எடுத்து பீரோவத் தொறந்தேன். செவப்புப் பொட்டிய எடுத்து மேசை மேல வெச்சேன். வெச்சுப் பாருங்க உங்க காந்தத்தன்னேன். வெச்சுது. ஒட்டல. ஒண்ணுலயும் ஒட்டல. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சுங்க. எல்லாஞ் சந்தனப் பொட்டோட, குங்குமத்தோட, பளபளன்னு இருந்துச்சு.

"இதெல்லாம் எத்தன தடவைங்ண்ணா வெளிய போயிருக்குது?"

"அந்த மொத மூணு மாசத்தோட செரிங்க மேடம். பொறவு அஞ்சு வருசமா ஆயுத பூசைக்கு மட்டுந்தான். ஒரு கீறல் இருக்குதா பாருங்க."

அந்தப் பொண்ணு ஒரு ஸ்பானர கையில எடுத்துட்டு ஸ்டூல்ல உக்காந்துக்கிச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க அதுக்கு. எதுக்குன்னுதான் எனக்குப் புரியல. பொருளு நல்லாத்தான இருக்குது? வளைஞ்சிருந்தா அழோணும், காணாமப் போயிருந்தா அழோணும்.

சாயந்தரமே சஸ்பெண்டு ஆர்டரு. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு வெசாரணை. எங்க சொந்தத்துல ஒருத்தரு, இந்த மாதிரி வெவகாரம் நெறையப் பாத்தவரு, ஒரு வழி சொன்னாரு. இது பெயின்ட்டு அடிச்ச இரும்புன்னு சென்னியப்பனுக்கு முன்னமே தெரியும்னு அவன் எழுதிக் குடுத்துட்டாப் போதும், பாதிப் பழி எறங்கிரும்னாரு. அவரே டைப்பும் அடிச்சுக் குடுத்தாரு. அதுக்குத்தானுங்க இன்னிக்குக் கோயமுத்தூரு.

எனக்கு அது தப்பாத் தெரியலீங்க. அவனுக்கு எப்படியும் இனிமேலு பிட்டர் வேலை பாக்க முடியாது. எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீசு இருக்குது. இருவத்திரெண்டு வருசப் பழக்கம். கேட்டா மாட்டேங்கற ஆளும் இல்ல.

ரெண்டாவது ஆப்பரேசனுக்காக வார்டுல போட்டிருக்காங்க. தொடைல இருந்து தோலெடுத்துக் கையில ஒட்டறாங்களாம். நான் போறப்ப அவன் சம்சாரம் சரசா ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிட்டு இருந்துச்சு. என்னப் பாத்ததும் அவன் மொகமெல்லாம் சிரிப்பு. வாப்பா, இத்தன நாளாச்சா வர்றதுக்குன்னான். ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான் போறேன். வேலை இருந்துச்சுங்க.

சுத்தி வளைக்காம காயிதத்த எடுத்து வெச்சேன். அவனுக்குக் கண்ணாடி இல்லாமப் படிக்க முடியாது, கண்ணாடி போட்டுக்கக் கை வேணும். சரசாதான் வாங்கிப் படிச்சுது. நான் உபயோகித்த ஸ்பானர் இரும்பினால் ஆனது என்பதும், அதன் மேல் வண்ணம் பூசப்பட்டிருந்தது என்பதும் எனக்கு முன்பே தெரியும். அவ்வளவுதான், ரெண்டு வரி. படிச்சுட்டு அது என்னப் பாத்துச்சு. அவன், இன்னொருக்காப் படின்னான். படிச்சுது. இன்னொருக்கான்னான்.

"இரும்பா?" ன்னு கேட்டான் எங்கிட்ட.

ஆமாப்பான்னேன். கத்துவான்னு நெனைச்சேனுங்க. கத்தட்டும், கேட்டுக்கலாம்னுதான் போயிருந்தேன். அவன் கத்தல. சிரிச்சான். சிரிச்சுட்டே அழுதான். கண்ணத் தொடைக்கக் கூட முடியல, சரசாதான் முந்தானைல தொடச்சு உட்டுச்சு.

"கேட்டயா சரசா? எம்பேர்ல தப்பில்லையாமா."

திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னான். எம்பேர்ல தப்பில்லையாமா, எம்பேர்ல தப்பில்லையாமா. பக்கத்துக் கட்டில்ல இருந்தவருகிட்டயும் சொன்னான். சரசா எங்கிட்டச் சொல்லுச்சு, அண்ணா, இவரு ரெண்டு மாசமாத் தூங்கலீங்ண்ணா, சாவியா, செருப்பா, பெல்ட்டு பக்கிளான்னு ராவெல்லாம் எங்கிட்டக் கேட்டுட்டே இருப்பாரு, முப்பது பேரக் கொல்லப் பாத்தேனேன்னு பொலம்புவாருன்னு. நான் வேற பக்கம் பாத்துட்டு நின்னேன். எனக்கு அழுகை வந்துச்சுங்க, மறைக்கல. ஆனா வந்த சோலி இருக்குதுங்கல்ல. கையெழுத்து ஆகாதுன்னு தெரிஞ்சு மைப் பொட்டி கொண்டு போயிருந்தேன். கட்டை வெரல் ரேகை வெச்சாலும் செல்லும்னு சொல்லியிருந்தாங்க. அத எடுத்து மெதுவாக் கட்டில் மேல வெச்சேன்.

சரசா எந்திரிச்சிருச்சு. வெளிய போங்கண்ணான்னு சொல்ல வாயெடுத்துச்சு. அவன்தான் நிறுத்துனான். இரு சரசா, கேக்கறான்ல, வெச்சுக்கட்டும்னு சொல்லி வலது கைய நீட்டுனான்.

நாந்தானுங்க புடிச்சேன் அந்த வெரல. தோலு வழவழன்னு, செவசெவன்னு, ஒரு பக்கமா இழுத்து ஒட்டுன மாதிரி இருந்துச்சு. மைல வெச்சுக் காயிதத்துல வெச்சேன். வெறும் நீலத் திட்டு. ரேகை உளுகல. செரியா அமுத்தலைன்னு இன்னொருக்கா அமுத்துனேன். அப்பவும் இல்ல. மூணாவது தடவை நல்லா அழுத்திப் புடிச்சுட்டேன். பொறவுதான் ஒரைச்சுது, வலிக்குதாடான்னு கேட்டேன்.

"தெரியலப்பா. நீ புடிச்சிருக்கறதே எனக்குத் தெரியல."

சொல்லிட்டு என்னையே பாத்தான். கோவமாப் பாத்திருந்தாக் கூடத் தேவலைங்க.

"கொண்டு போயிக் குடு நாச்சிமுத்து. இது ஆரு ரேகைன்னு கேட்டாங்கன்னா, இன்னாருதுன்னு சொல்லு. ஏன் ரேகை இல்லைன்னு கேட்டாங்கன்னா, அதையும் நீயே சொல்லிரு."

அவ்வளவுதானுங்க. அதுக்கப்பறம் அவன் கண்ண மூடிக்கிட்டான். தூங்கிட்டான்னு சரசா சொல்லுச்சு. ரெண்டு மாசத்துல மொதல் தடவையாப் பகல்ல தூங்கறாருன்னு, என்னப் பாக்காமயே சொல்லுச்சு.

இந்தாங்க, இதுதான் அந்தக் காயிதம். நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க, சன்னல் பக்கம் வெளிச்சமும் இருக்குது, நல்லாப் பாருங்க. மூணு திட்டு இருக்குதுங்களா? அதுல ஏதாச்சும் ஒண்ணுல, ஒரு ஓரத்துலயாச்சும், ஒரு கோடு தெரியுதுங்களா உங்களுக்கு?